ஆறு கோழிகளும் அண்ணியின் விமான டிக்கெட்டும்

அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அண்ணிக்கு விசா வர இரண்டு மாதம் ஆகும். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்த என்னைத் துணைக்கு விட்டுப் போனான். வழியனுப்பிவிட்டுத் திரும்பியபோது, வீட்டின் பின்புறம் ஒரு கோழி தும்மிக்கொண்டிருந்தது.

“புருஷன் போனதுக்கு நானே அழல, இது மூக்கைச் சிந்துது பாரு” என்றார் அண்ணி.

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவர் வளர்த்த ஆறு கோழிகளையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவதாகப் பேச்சு. அக்காவிடம் ஏற்கனவே இருபது கோழிகள் இருந்தன.

வியாழக்கிழமைக்குள் மூன்று கோழிகள் வாயைத் திறந்து கர்ர் கர்ரென்று மூச்சு வாங்கின. அண்ணி மதிய இடைவேளையில் ஓடிவந்தார். அண்ணன் இருமலுக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கலக்கப் போனவர், கையை நிறுத்தினார்.

“கடையில ஒருத்தர் கண்ணாடி பவரை இன்னொருத்தருக்குப் போட மாட்டேன். இங்க என்ன பண்றேன் பாரு!”

கோழிகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனோம். கால்நடை டாக்டரம்மா கேட்டார்: “கூண்டுகிட்ட போனா உங்களுக்குக் கண் எரியுதா?”

“எரியும்.”

“அதுங்க அதுலதானேம்மா தூங்குது? ஈர எச்சத்தை அள்ளி வெளியே போட்டுட்டுக் காத்து வர மாதிரி பண்ணுங்க.”

பஞ்சுக்குச்சியில் சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஐந்து நாள் மருந்து எழுதினார். எந்தத் தேதிவரை முட்டை சாப்பிடக் கூடாது என்றும் எழுதித் தந்தார்.

மூன்றாம் நாள் மூச்சு சீரானது. “மிச்சத்தை எடுத்து வெச்சா அடுத்த தடவைக்கு ஆகும்ல?” என்று அண்ணி மருந்துப் புட்டியை அலமாரியில் வைத்தார். அரை மணியில் தானே எடுத்தார். ஐந்து நாளும் கொடுத்தார். முட்டைகளைக் குழிதோண்டிப் புதைத்தார்.

சோதனை முடிவு வந்தது. “பாக்க நல்லா இருக்கும். ஆனா கிருமி உள்ளேயே தங்கிரும். வேற கோழிங்களோட சேர்க்கவே கூடாது” என்றார் டாக்டரம்மா.

எதிர்பார்த்ததற்கு முன்பே, அதே வாரம் விசாவும் வந்தது. டிக்கெட்டில் இருந்த தேதிக்குப் பதினோரு நாள்.

“வாயைத் திறக்காம குடுத்துட்டுப் போங்க, யாருக்குத் தெரியும்?” என்றார் தீவனக் கடைக்காரர். அண்ணி திறந்து வைத்த பயணப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மடித்த புடவையையே மறுபடி மடித்தார். கடைசியில் மதிலோரம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

“நல்லவேளை சொன்னே. என் கோழிங்க பக்கம் நீயும் வந்துராதடி!” என்றார் அக்கா.

அதன்பிறகு கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அண்ணி கேட்டது ஒன்றுதான்: “உங்க வீட்டுல கோழி இருக்கா?”

“ஏம்மா, நான் கண்ணைக் காட்டத்தானே வந்தேன்!”

கிளம்ப நான்கு நாள் இருக்கையில், உடைந்த பிரேமோடு மரக்கடை வாட்ச்மேன் வந்தார். “கோழியா? என்கிட்ட ஒரு பூனைகூடக் கிடையாதும்மா.” ஆறும் அவரோடு போயின. வேறு கோழி வாங்கிச் சேர்க்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அண்ணி இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

பதினோரு மாதம் கழித்து, வாட்ச்மேனிடமிருந்து தனக்கு வந்த செய்தி ஒன்றை அண்ணி எனக்கு அனுப்பியிருந்தார்:

“அம்மா, ரெண்டு கோழிக்கு மறுபடி தும்மல். தனியா வெச்சிருக்கேன். ஏதோ பொடி கலக்கிக் குடுன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க, குடுக்கலை. அந்த டாக்டரம்மா நம்பர் அனுப்புங்க.”