தார்ப் பீப்பாத் தேசிமரம்

பதுளைக்குப் போகும் வழியில், ஹாலிஎலையில் ஒரு பூங்கன்றுக் கடையில் வேலை செய்கிறேன். பூச்சாடி, தேங்காய்த் தும்புத்தூள், கூட்டெரு எல்லாம் விற்கிறோம். மண்ணைப் பையில் கட்டி விற்பதைப் பார்த்து முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பார்க்கிற பக்கமெல்லாம் மலை. அதற்கு நடுவில் மனிதர்கள் மண் வாங்க வாகனத்தில் வருகிறார்கள். இப்போது சிரிப்பதில்லை. ஆனால் வருகிறவர்களின் அறிவைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவும் இல்லை.

அடியில் ஓட்டை இல்லாத சாடி கேட்டு ஒரு அம்மணி வருவார். ஓட்டை இருந்தால் டைல்ஸ் தரை அழுக்காகிவிடுமாம். "தண்ணி வடியாட்டி வேர் அழுகிப்போகுங்க" என்றால், "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்பார். பார்த்துக்கொள்வார். கொஞ்ச வாரத்தில் செத்த கன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, நோய் பிடித்ததை விற்றுவிட்டோம் என்று சண்டை பிடிப்பார். இன்னொரு கூட்டம் வெறும் தும்புத்தூளை நிரப்பிக் கத்தரி நட்டுவிட்டு, ஏன் காய்க்கவில்லை என்று கேட்கும். தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். சாப்பாடு அதில் கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இவர்கள் சாடியில் வைப்பது ஆசைக்காக. என் அம்மா வைத்தது அதிகாரிகள் சொன்னதற்காக.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயம், ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்து, மண் சரியும், உடனே இறங்குங்கள் என்றார்கள். மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில் தகரத்தால் அறை தடுத்து எங்களைக் குடிவைத்தார்கள். புது வீடு வரும். அதுவரை இங்கே நிலத்தில் எதையும் நடக்கூடாது, இது தோட்டத்து இடம் என்றார்கள். அந்த அதிகாரிகளில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் அம்மாவிடம் அன்பாகவே சொன்னார்: "கொஞ்ச நாளைக்குத்தான் அம்மா. யோசிக்காதேங்கோ."

அம்மா நம்பினாள். அம்மா மட்டுமா, எல்லாரும்தான். தொழிற்சாலை முற்றத்தில், தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டம் ஒன்று முளைத்தது. பெயின்ட் வாளியில் மிளகாய், உரப்பையில் வெங்காயத்தாள், பிய்ந்த கொழுந்துக் கூடையில் புதினா. றோட்டு வேலைக்காரர்கள் விட்டுப்போன தார்ப் பீப்பாவைப் பாதியாக வெட்டச்செய்து, அடியில் ஓட்டை போட்டு, மழைக்குத் தண்ணீர் ஓடும் கானில் ஒதுங்கும் மண்ணை அள்ளி நிரப்பி, அம்மா ஒரு தேசிக்கன்று, எலுமிச்சைதான், வைத்தாள். "புது வீட்டு வாசல்ல இறக்கி வைக்கணும்" என்றாள். பார்வையிட வந்த ஒரு கூட்டம் இதையெல்லாம் படம் எடுத்து, எவ்வளவு அழகான சாடித் தோட்டம் என்று மெச்சிவிட்டுப் போனது. நிலத்தில் நடவிடாததால்தான் வாளியில் நடுகிறோம் என்று படத்தில் தெரியாதே.

அந்தக் கொஞ்ச நாளில் நான் பள்ளிக்கூடம் முடித்தேன். கடைக்கு வேலைக்கும் வந்துவிட்டேன். தேசியின் வேர் பீப்பாவுக்குள் சுற்றிச் சுற்றி, மண்ணே இல்லாதது போலாகி, கோலிக்குண்டு அளவில் காய் தந்தது. வீட்டைப் பற்றிக் கேட்கப் போகும்போதெல்லாம் ஐயாமார் மாறியிருந்தார்கள். வார்த்தை மட்டும் மாறவில்லை. காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு வேண்டும். எங்கள் காதில் தோட்டமே போட்டார்கள்.

"பேசாம பின்னால குழி வெட்டி வைம்மா. யாரு வந்து புடுங்கப் போறா?" என்று கத்துவேன்.

"இங்க வச்சா இங்கயே இருந்துருவோம்" என்பாள். 

கடைசியில் வீடு வந்தது. ஏழு பேர்ச் காணி, நாடா வெட்டு, மாலை, பேச்சு. சொந்த மண், சொந்த மண் என்று மேடையில் ஆளுக்கொரு தடவை சொன்னார்கள். அந்த மண் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பெக்கோ இயந்திரத்தால் மலையைத் தட்டையாக வெட்டும்போதே மேல்மண் முழுவதும் பள்ளத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியது மஞ்சள் களிமண்ணும் கல்லும்தான். அதன் மேல் ரோலர் வேறு ஓடியிருந்தது.

அம்மாவுக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. பீப்பாவை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வாசலில் இரும்பு அலவாங்கு போட்டுக் குழி தோண்டவே ஒரு பகல் போனது. குழியின் சுவர் சீமெந்து பூசியது போல வழவழவென்றிருந்தது.

"அம்மா, இது ஓட்டையில்லாத சாடி மாதிரி. தண்ணி நிக்கும்" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா இப்படிப் பேசாத, வாயக் கழுவு" என்றாள். மரத்தை இறக்கி, சாம்பிராணி காட்டினாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கே அழுகை வந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. குழியில் நின்ற தண்ணீர் வடியவே இல்லை. அம்மா குந்தியிருந்து பால்மா டின்னால் இறைப்பாள். விடிந்தால் மறுபடி நிறைந்திருக்கும். இலைகள் மஞ்சளித்து விழத் தொடங்கின. நான் சொன்னது பலித்ததில் எனக்கு ஒரு துளி பெருமையும் இல்லை. மேடையில் பேசியவர்களைக் கூப்பிட்டு அந்தக் குழிக்குள் நிற்கவைக்க வேண்டும் போலிருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் மரத்தைக் கெல்லி எடுத்தோம். அழுகிய வேர்களை நான் நறுக்கினேன். பழைய பீப்பாவின் அடி ஓட்டைகளைக் குத்தித் திறந்து, கான் மண்ணும் சாணியும் கலந்து நிரப்பினோம். அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் நின்றது. வீட்டுத்தோட்டத் திட்டமாம். புதிதாக வந்திருந்த ஐயா, தும்புத்தூள் அடைத்த கறுப்புப் பைகளை இறக்கச் சொல்லிவிட்டு எங்கள் பீப்பாவைப் பார்த்தார்.

"இப்ப உங்கட சொந்தக் காணிதானே அம்மா, பிறகேன் பீப்பாக்குள்ள வைக்கிறியள்? நிலத்தில வையுங்கோவன்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா சேற்றுக் கையால் என் முழங்கையைப் பிடித்தாள்.

"வைப்போங்க ஐயா" என்றாள், மற்றக் கையால் மண்ணை அமுக்கிக்கொண்டே. "இது கொஞ்ச நாளைக்குத்தான்."