புது ஸ்பீக்கர் பழகும்வரை

எங்கள் வீட்டில் மாலை நாலரை மணிக்கு மேல் யாரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டதில்லை. அதற்குக் காரணம் நான்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவின் கிதார் ஆம்ப்ளிஃபையரில் ரேடியோவைச் சொருகி ஒரு மணி நேரம் அலறவிடுவேன். பொழுதுபோக்குக்காக இல்லை. அப்பா எனக்குக் கொடுத்துவிட்டுப் போன வேலை அது.

அப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தார். ஆடி பிறந்துவிட்டால் கீழ்பென்னாத்தூர் பக்கம் கூழ் ஊற்றும் ஊர்களிலெல்லாம் அவர்கள் கச்சேரிதான். அந்த ஆம்ப்ளிஃபையர், எங்கள் ஊர் ஆசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஒரு கச்சேரியில் மழை பிடித்துக்கொள்ள, அவசர அவசரமாக வேனில் ஏற்றும்போது மைக் ஸ்டாண்டின் கால் குத்தி ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துபோனது. அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர் அவர் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

சென்னையிலிருந்து புது ஸ்பீக்கர் வாங்கி வந்து மாட்டினார். சத்தம் தகர டப்பாவைத் தட்டினமாதிரி இருந்தது. "புதுசாச்சே, காயிதம் வெறப்பா கீது. ஓட ஓடத்தான் எளகும்" என்றார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஸ்பீக்கர்லாம் மாறாதுண்ணா. நம்ம காதுதான் அதுக்குப் பழகிடுது."

இதை வைத்து இரண்டு பேரும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். சித்தப்பா துண்டுக் காகிதத்தில் படம் போட்டு விளக்குவார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பியை மட்டும் மீட்டுவார். யார் சொன்னது சரி என்று முடிவாவதற்குள் அப்பாவுக்கு விசா வந்துவிட்டது. பாட்டெல்லாம் பென்டிரைவில் ஏறிவிட்ட பிறகு கச்சேரிக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் கம்மி. துபாயில் டைல்ஸ் ஒட்டப் போனார்.

புறப்பட்ட அன்று காலையில் எனக்கு அவர்தான் தலை வாரினார். கம்பியை அழுத்தி அழுத்தி அவருடைய இடக்கை விரல் நுனிகள் காய்த்துப்போயிருக்கும். அதில் முடி மாட்டிக்கொண்டு சுரீரென்று இழுக்கும். சொரசொரப்பாக இருக்கிறது, அம்மாவை வாரச் சொல்லுங்கள் என்று அன்றைக்கும் கத்தினேன். சடை முடிந்ததும் ரேடியோவை எப்படிச் சொருகுவது என்று காட்டிக்கொடுத்தார்.

"டெய்லி ஒரு மணி நேரம் ஓட்டு பாப்பா. நான் வர்றதுக்குள்ள பழைய சத்தம் வந்துடும்."

பழைய சத்தம் வந்துவிட்டால் அப்பா வந்துவிடுவார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அப்புறம் சும்மா இருக்க முடியுமா? லீவு நாளில் இரண்டு மணி நேரம் ஓட்டினேன். செய்தி, விவசாய நிகழ்ச்சி, விளம்பரம் எல்லாமே அந்த ஸ்பீக்கரில் ஓடின. பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்து எங்கள் வீட்டில் தங்கிய பெரியம்மா, "இந்த வூட்ல யாருக்குனா காது கேக்காதா?" என்று விசாரித்தாள். கெஸ்ட் ஹவுஸில் பத்து அறை பெருக்கித் துடைத்துவிட்டுத் தலைவலியோடு வரும் அம்மா, சத்தத்தைக் குறைக்கச் சொல்வாளே தவிர ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. எனக்கு அம்மை போட்டிருந்த பத்து நாளும் அவளே சொருகிவிட்டாள். அப்பா இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆம்ப்ளிஃபையரின் முன்பக்கத் துணியில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே யாரோ விலைநிலவரம் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை சமயத்தில் அப்பா ஒரு மாத லீவில் வந்தார். குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரைகூட நான் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் ஆம்ப்ளிஃபையர் முன் உட்காரவைத்தேன். சித்தப்பாவும் வந்திருந்தார். அவர் அதற்கு முந்தின வாரமே காதை வைத்துக் கேட்டுவிட்டு, நல்லாத்தான் இளகியிருக்கிறது என்று அரைமனதோடு ஒத்துக்கொண்டிருந்தார்.

அப்பா, இரண்டு வருஷமாக உறையிலேயே கிடந்த கிதாருக்குப் புதுக் கம்பி கட்டி, சுருதி சேர்த்து, எப்போதும் முதலில் வாசித்துப் பார்க்கிற மெட்டை எடுத்தார். பாதியில் நின்றது. மறுபடியும் தொடங்கினார். ஒரு கம்பி கரகரத்தது, இன்னொன்று பேசவே இல்லை. சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். அப்பா இடக்கையை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடணும் பாப்பா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நாலு நாள் ஓட்டாமல் விட்டிருந்தேன். என்னால்தான் கெட்டது என்று நினைத்தேன். இனி ஒருநாள்கூட விடமாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் சரி சரி என்று கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

மறுநாள் காலையில் அவரே தலை வாரினார். சீப்பு போன இடமெல்லாம் இடக்கை விரல்களும் வழுக்கிக்கொண்டு போயின. ஒரு முடிகூட மாட்டவில்லை. சொரசொரப்பு முழுக்க உள்ளங்கைக்கு இறங்கியிருந்தது, அது முடியில் படவில்லை.

"இப்பலாம் வலிக்கவே இல்லப்பா. ஒன் வெரலு அம்மா வெரலு மாதிரி ஆயிடுச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

சீப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் ஏன் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியவில்லை. வகிடு கோணலாகிவிடப் போகிறதே, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறதே என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.