பெற்றோல் செட்டில் போன மூச்சு

மருமகனுடைய சட்டையைத்தான் பீலித் தண்ணீரில் கசக்கிக்கொண்டிருந்தேன். எத்தனை அலசு அலசியும் பெற்றோல் வாடை போகவில்லை. மேட்டில் ஓடி வந்த ஆட்டோக்காரர் ஒருவர், "பாட்டி, செட்டுல அண்ணன் விழுந்துட்டாரு" என்றார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்னே என் மருமகன் சிவலிங்கம் போய்விட்டார்.

தலவாக்கலைப் பக்கம் வண்டி ஓட்டுகிற உங்களில் பலருக்கு எண்ணெய் அடித்தவர் அவர். பத்தொன்பது வருஷம். 'தேயிலை மலை ஏறாத மருமகன்' என்று, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நான் பீற்றிக்கொண்ட காலமும் உண்டு. அட்டைக்கடி இல்லை, மழை இல்லை, நின்ற இடத்தில் வேலை. அப்படித்தான் நினைத்தேன்.

எண்ணெய் கொண்டுவரும் பவுசர் வந்தால் நிலத்தடித் தாங்கியின் மூடியைத் திறந்து, குனிந்து, கோல் விட்டு அளப்பது அவர் வேலை. ஆவி முகத்தில் அடிக்கும். வீட்டுக்கு வந்தால் தலைவலி, நெஞ்செல்லாம் சளி. எங்கள் லயத்து வீட்டுக்கு ஏறும் மேட்டில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்குவார்.

"என்ன மாப்பிள்ளை, கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்கிறீங்க?"

"உங்க மகளைச் சுமந்த பாரம், அத்தை."

ஒருநாள் மாஸ்க் கட்டிக்கொண்டு போனார். வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்று செட்டு மேனேஜர் கழற்றச் சொன்னாராம். "வண்டிக்குக்கூட ஃபில்டர் இருக்கு, அத்தை. எனக்குத்தான் இல்லை" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கருமாதிக்கு அதே மேனேஜர் பிஸ்கட் பெட்டியோடு வந்தார். "மாரடைப்பு யாருக்கும் வரும்தானே. சிகரெட் குடிப்பாரோ?" என்றார். என் மருமகன் வெற்றிலைகூடப் போடாதவர். கொஞ்சம் பொறுத்து, "அவர் இடத்துக்குப் பாப்பாவை அனுப்புங்க. இப்ப பொம்பளைப் பிள்ளைகளும் பம்ப் பிடிக்கிறாங்க" என்றார்.

பாப்பா என்றது என் பேத்தியை. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறாள். எங்கள் லயத்தில் அவள்தான் முதல் ஆள். தோட்டத்தில் ஒருவர் போனால் வீட்டில் இன்னொருவர் பேர் பதிவது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் சொந்தக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். என் மகளும் ஆட்டினாள்.

அதுவரை ஒளித்து வைத்திருந்ததை அப்போதுதான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். செட்டில் விழுந்த அன்று காலையில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடது கை கடுக்கிறது என்றார். வாயுதான் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து, "பவுசர் வர்ற நாள், போகாம இருந்தா பேசுவாங்க" என்று அனுப்பி வைத்தவள் நான்.

"ஒரு உசிரை நானே அனுப்பிட்டேன், ஐயா. இன்னொண்ணை அனுப்ப மாட்டேன்."

மேனேஜர் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார். மறுநாள் பேத்தி பள்ளிக்கூடம் போனாள். மகள் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

செட்டில் நிற்கிற பிள்ளைகளே, நெஞ்சு அடைத்தால் வீட்டுக் கைவைத்தியத்தை நம்பாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னைப் போல வீட்டுக்கு ஒருத்தி இருப்பாள்.

சிரிக்கச் சிரிக்கப் பேசியவர் அவர். அதெல்லாம் உங்களுக்கு இருக்கட்டும். அன்று கிளம்பும்போது படியில் நின்று, "இது வாயு மாதிரி இல்லையே, அத்தை" என்றார். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு சொல்தான்.