ரூபனின் முகம் போட்ட கறுப்பு டீ-சேர்ட்

போன ஞாயிறு பரந்தன் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ராஜ மரியாதை!

வாங்குப் பலகையில் இருந்த அம்மா ஒருவர் பையைத் தூக்கி மடியில் வைத்து, "இரு பிள்ளை" என்று இடம் தந்தார். தேத்தண்ணிக் கடை அண்ணை கேட்காமலே தண்ணி கொண்டுவந்து வைத்தார். வழக்கமாக என்னைக் கண்டால் ஏதாவது சொல்லிச் சிரிக்கிற பெடியள் கூட்டம் அன்று வாயே திறக்கவில்லை. அதில் ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஆஹா... இதுதான் மியூசிக்கின் பவர்!

ஏனென்றால் நான் போட்டிருந்தது என் வாழ்க்கையின் முதல் பேண்ட் டீ-சேர்ட்.

"ஈரத் தகரம்" என்று ஓர் இசைக்குழு. நாலு பேர், எல்லாம் எங்கள் வன்னிப் பிள்ளைகள். பாடுவது துணுக்காய் ஊர்க்காரன் ரூபன். ட்ரம்ஸ் அடிப்பது ஜெனிற்றா. முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, கம்பஸில் என் ரூம்மேட். "ஒருக்காக் கேளடி" என்று அவள் கெஞ்சிய காலமெல்லாம் நான் கேட்கவில்லை. போன மாதம் ஒரு பஸ் பயணத்தில் சும்மா ஒரு பாட்டைப் போட்டேன். அவ்வளவுதான், ஆள் அவுட்!

புது ரசிகைக்கு ஒரு வியாதி உண்டு. பழைய ரசிகர்களை விடப் பெரிய ரசிகையாகத் தெரிய வேண்டும். அதுவும் உடனே.

சனிக்கிழமை கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் ஷோ. வாசலில் மேசை போட்டு ஜெனிற்றா சாமான் விற்றாள். துணிப் பை, ஸ்டிக்கர், குழுவின் பெயர் மட்டும் போட்ட வெள்ளை டீ-சேர்ட். அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு டீ-சேர்ட். நடு நெஞ்சில் கறுப்பு வெள்ளையில் ரூபனின் முகம், மெல்லிய சிரிப்பு. கீழே பெயர். அதற்கும் கீழே அவர்களுடைய பாட்டிலிருந்து ஒரு வரி: "மழை விடட்டும், வாறன்."

"பையை எடன்டி. மரக்கறி வாங்கவாவது உதவும்," என்றாள் ஜெனிற்றா.

"நான் ரசிகையடி. மரக்கறி வாங்கவே வந்தனான்?"

"அப்ப வெள்ளையை எடு. கறுப்பை ஒருத்தரும் வாங்கீனமில்லை. கையில எடுக்கினம், பாக்கினம், பிறகு மெதுவா வச்சிட்டுப் போகினம். கொழும்பில ஒரு பெடியன் செய்த டிசைன், நல்லாத்தானே இருக்கு? ஏனெண்டு விளங்கேல்ல."

"டேஸ்ட் இல்லாத சனம். எனக்கு அதுதான் வேணும்."

ஒருவரும் வாங்காததை வாங்கினால்தானே உண்மையான ரசிகை? என் லொஜிக் அப்படி!

ஷோ முடிந்ததும் ரூபனோடு கொஞ்சம் கதைத்தேன். "வீட்டுக்காரர் ஒருத்தரும் வரேல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்துச் சமாளித்தான். பிறகு ஜெனிற்றாதான் சொன்னாள். பேங்க் வேலையை விட்டுவிட்டுப் பாடப் போன நாளிலிருந்து அப்பா அவனோடு கதைப்பதில்லை. நம்பரைக்கூட பிளாக் பண்ணிவிட்டாராம். "ஒரு பாட்டு... ஒரே ஒரு பாட்டை அந்த மனுசன் கேட்டாக் காணும் எண்டுவான்," என்றாள்.

இப்போது மறுபடி பரந்தனுக்கு வாருங்கள்.

வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களை மோட்டசைக்கிளில் கட்டிக்கொண்டிருந்த ஓர் அண்ணை என்னையே பார்த்தார். கிட்ட வந்தார். பெயரை வாசித்தார்.

"பிள்ளை, இது துணுக்காய்ச் சிவபாதத்தின்ர மகனெல்லோ?"

பார்த்ததுமே கண்டுபிடிக்கிறாரே! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஓம் அண்ணை, அவரேதான்! உங்களுக்கும் தெரியுமோ?"

"சின்னனில என்ர தோளில ஏறித் திரிஞ்ச பெடியன்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். போனைக் காதில் வைத்தபடி மோட்டசைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். ஆள் என்னைவிடப் பெரிய ரசிகர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மா மெதுவாக என் கையைப் பிடித்தார்.

"சொந்தமோ பிள்ளை?"

"சொந்தமில்லை அம்மா. ஆனா சொந்தம் மாதிரி."

"என்ன வயசு?"

"இருபத்தாறு."

"ஐயோ கடவுளே... அக்சிடெண்டோ?"

குனிந்து பார்த்தேன். தலைகீழாக ரூபன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலி பனர் பார்த்து வளர்ந்தவள் நான். நினைவுக் கிண்ண மட்ச் விளையாடுகிற கழகங்கள் கறுப்பு டீ-சேர்ட்டில் யாருடைய முகத்தை அடிப்பார்கள் என்றும் தெரியும். சிரிக்கிற ஓர் இளம் முகம், கீழே பெயர், பெயருக்குக் கீழே ஒரு வரி. எங்கள் பக்கத்தில் இதைப் பார்த்து யாராவது "எந்த பேண்ட்?" என்று கேட்பார்களா? கொழும்புப் பெடியனுக்குத் தெரியாது, சரி. எனக்கு எங்கே போனது புத்தி?

"அம்மா, அவர் உயிரோட இருக்கிறார்! பாட்டுக்காரர்! நேற்றும் பாடினவர்!"

அம்மாவின் முகத்தில் முதலில் நிம்மதி. அடுத்த செக்கன் கோபம்.

"உயிரோட இருக்கிற பிள்ளையை ஏன்டி இப்பிடிப் போட்டுக்கொண்டு திரியிறாய்? போய்க் கழட்டு!"

கடை அண்ணையின் பின்னறைக்குள் ஓடிப்போய் டீ-சேர்ட்டைப் புரட்டிப் போட்டேன். அப்போதுதான் மோட்டசைக்கிள் அண்ணையின் ஞாபகம் வந்தது. அவர் யாருக்குக் கோல் எடுத்திருப்பார்? உடனே ஜெனிற்றாவை அழைத்தேன்.

"ஜெனி, ரூபன் எங்க?"

"இஞ்ச எங்கட பிராக்டிஸ் வீட்டிலதான். நித்திரை. ஏன்டி?"

"எழுப்பு! உடன அப்பாவுக்கு எடுக்கச் சொல்லு. ஆள் செத்திட்டுதெண்டு துணுக்காய்க்குக் கதை போகுது."

"ஆர் செத்தது?"

"ரூபன்டி!"

"விசரி, அவன் இஞ்ச குறட்டை விடுறான்டி!"

ரூபன் எழும்பி ஜெனிற்றாவின் போனிலிருந்து எடுத்தானாம். "அப்பா, நான் ரூபன்." அந்தப் பக்கமிருந்து ஒரே சொல்: "எங்க?" அவன் இடத்தைச் சொன்னான். கோல் கட்டாகிவிட்டது.

நான் அடுத்த பஸ்ஸில் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போய், அந்த வீட்டில் ஜெனிற்றாவின் சட்டையை மாற்றிக்கொண்டு ஒரு மூலையில் குந்தியிருந்தேன். செய்த வேலைக்கு வேறென்ன செய்வது?

மத்தியானம் தாண்டி ஒரு மோட்டசைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து இறங்கியவரின் காலில் வயல் சேறு காய்ந்துபோய் இருந்தது. சிவபாதம் ஐயா. வாசல் படலையடியில் நின்று ரூபனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, நெல் மூட்டையை அழுத்திப் பார்ப்பது மாதிரி அவன் தோளை அழுத்திப் பார்த்தார்.

"போனில கதைச்சனான்தானே அப்பா. பிறகேன் வேலையை விட்டிட்டு இவ்வளவு தூரம்..."

"போனில ஆரும் கதைக்கலாம்."

கண்ணால் காணாமல் எதையும் நம்பக்கூடாது என்று எங்கள் சனத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை... அது நல்ல செய்தியாக இருந்தாலும்தான்.

கதிரையில் இருந்தார். தண்ணி குடித்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ரூபனிடம் நீட்டினார்.

"இதில என்னவோ பிழை. உன்ர கோல் வாறேல்ல. என்னெண்டு பார்."

ரூபன் குனிந்து போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். பிளாக்கை எடுக்க எவ்வளவு நேரம் தேவை? அவனுக்கு நிறைய நேரம் எடுத்தது.

"எங்க அந்த உடுப்பு?" என்றார் ஐயா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் விரித்து வைத்துக் கனநேரம் பார்த்தார். கிழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"பாட்டுக்காரன் எண்டுறியள்," என்றார் ஜெனிற்றாவைப் பார்த்து. "வாயை மூடிக்கொண்டெல்லோ நிக்கிறான். செத்தவனைத்தான் இப்பிடிப் போடுறது. இவன் வாயைத் திறந்து பாடுற மாதிரி ஒரு படமும் இல்லையோ?"

"நேற்று எடுத்த வீடியோ இருக்கு ஐயா. அதில இருந்து படம் எடுக்கலாம்."

"காட்டு."

ஜெனிற்றா போனை அவர் முன்னால் பிடித்தாள். திரையில் ரூபன் வாய் நிறையப் பாடினான். கதிரைக்குப் பக்கத்தில் நின்ற ரூபன் தலையை நிமிர்த்தவேயில்லை. ஐயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சத்தத்தைக் கூட்டு பிள்ளை."

பாட்டு முடியும்வரை கேட்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் முழுப் பாட்டையும் கேட்டார்!

ஆகவே புது ரசிகர்களே, முதல் டீ-சேர்ட் வாங்கப் போனால் கலரைப் பிறகு பாருங்கள், சைஸைப் பிறகு பாருங்கள் — முதலில் ஆள் வாயைத் திறந்திருக்கிறாரா என்று பாருங்கள்.