சிஞ்ஞோராவின் பொடியன்களுக்கு ஊற்றிய கஞ்சி

அமெரிக்காவுக்குள் ஏது சண்டை என்றுதான் முதலில் கேட்டேன். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில் நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, அமெரிக்காக்காரி. சிசிலிக்காரர் ஒருவரைக் கட்டி வந்து, அவர் போன பிறகும் பலேர்மோவிலேயே இருந்துவிட்டார். எண்பது தாண்டிய மனிசி. அவருடைய இத்தாலியனும் என்னுடைய இத்தாலியனும் ஒரே அளவு நொண்டி என்பதால் எங்களுக்குள் கதை நன்றாக ஓடும்.

"இருந்தது," என்றார் சிஞ்ஞோரா. "அயலுக்கு அயல் சண்டை. எங்கட கவுண்டி முழுக்க எரிஞ்சது."

கவுண்டி என்றால் எங்கள் மாவட்டம் மாதிரி. அவருடையது சோளமும் பன்றியும் ஓர் ஆறும் மட்டுமே உள்ள நாட்டுப்புறம். வடக்குக்கும் தெற்குக்கும் நடுவில் அகப்பட்ட இடமாம். பாதி வீடு ஒரு பக்கம், பாதி வீடு மற்றப் பக்கம். நீதிமன்றம் எரிந்ததில் காணி உறுதிப் பத்திரங்கள் எல்லாம் சாம்பல். ஒரு படை வந்து சோளத்தை அள்ளும், அது போக மற்றது வந்து மாட்டை அவிழ்க்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம் படையைக் கூட்டிவந்து சிஞ்ஞோரா வீட்டுக் களஞ்சியத்தைக் காட்டிக்கொடுத்ததாம். உள்ளே ஒளிந்திருந்த இரண்டு பொடியன்களையும் வாசல் மரத்திலேயே தூக்கில் போட்டுவிட்டார்கள். "எங்கட பொடியள்," என்று சொல்லும்போது சிஞ்ஞோராவின் குரல் உடையும். ஐயோ, நீயும் என்னைப்போலத் தம்பிமாரை இழந்தவள்தானா மனிசி என்று அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

எனக்கும் ஏறக்குறைய அதே கதைதான். இலங்கையில், வன்னியில் எங்கள் ஊரை ஆமிக்காரர் சுற்றிவளைத்து, எல்லோரையும் பள்ளிக்கூட வளவுக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்புக்குள் ஆள் காட்டிக்கொடுக்க ஒருவன், தலையில் சாக்கு, சாக்கில் இரண்டு ஓட்டை. என் தம்பி அவனுக்கு முன்னால் நடந்தபோது சாக்கு மேலும் கீழும் ஆடியது. தம்பி திரும்பி வரவேயில்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்று ஊரே சொன்னது. அவனுடைய தம்பியின் குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது? இந்தப் பலேர்மோவில்தான், பிரான்காச்சோப் பகுதியில். உலகத்தில் வேறு இடமா கிடைக்கவில்லை!

அந்த வீட்டுப் பொடியனைத்தான் கட்டுவேன் என்று என் மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அவர் அப்ப பிறக்கவேயில்லை, அம்மா," என்றாள்.

"என்ர தம்பியும்தான் அதுக்குப் பிறகு இல்லை," என்றேன். அதோடு எங்களுக்குள் கதை நின்றுபோனது. ஒரே வீட்டில் தாயும் மகளும் ஊமைகள் மாதிரிச் சாப்பிட்டோம்.

இதைச் சிஞ்ஞோராவிடம் சொன்னபோது அவர் என் முழங்கையைத் தட்டினார். "நல்லாச் செய்தாய். எங்களைக் காட்டிக்குடுத்த குடும்பத்துக்கு எங்கட ஊரில கடை இருக்கு. இண்டைக்கும் நாங்கள் அங்கை ஒரு ஆணி வாங்கிறேல்லை." எனக்கு உடம்பில் தெம்பு ஏறியது. பட்டவள் சொல்கிறாள், இதற்கு மேல் யாரைக் கேட்பது?

மே மாதத்தில் எங்கள் சனம் தேவாலய வளவில் கஞ்சி காய்ச்சும். அரிசி, தண்ணீர், உப்பு. சண்டையின் கடைசி நாட்களில் எங்களை உயிரோடு வைத்திருந்தது அதுதான். வருகிற யாருக்கும் கொடுப்போம், மிஞ்சினால் கொட்டமாட்டோம். அந்தப் பிரான்காச்சோக் குடும்பம் மட்டும் வராது. வராதே என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. நான் தம்பிக்கு ஒரு கோப்பை வைக்கும்போது சிஞ்ஞோராவின் பொடியன்களை நினைத்து இன்னும் இரண்டு வைப்பேன். இந்த முறை அவருக்கும் குடிக்கக் கொடுக்கவேண்டும் என்று ஒரு வாளி நிறையக் கொண்டுபோனேன். தூக்க மகள் வந்தாள், முகத்தைத் தூக்கிக்கொண்டுதான்.

அன்று துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஒன்று நின்றது. அதிலிருந்து இறங்கி, அந்தக் கவுண்டியில் இருக்கும் சிஞ்ஞோராவின் சகோதரியின் பேத்தி பார்க்க வந்திருந்தாள். மூக்கில் வளையம் போட்ட, கலகலப்பான பெட்டை. நான் கோப்பையைச் சிஞ்ஞோராவிடம் நீட்டி, "உங்கட ரெண்டு தம்பிமாருக்காக," என்றேன். அவர் கண் கலங்கி வாங்கிக் குடித்தார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எந்தத் தம்பிமார் என்று அந்தப் பெட்டை என் மகளை இங்கிலீஷில் கேட்டாள். மகள் விளக்கினாள். பெட்டை பதிலுக்கு ஏதோ சொல்ல, மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அது எந்தக் காலத்துச் சண்டை எண்டு நீங்கள் கேக்கவேயில்லையே? நூற்றைம்பது வருசத்துக்கும் மேல. தூக்கினது இவவின்ர பூட்டன்ர தம்பிமாரை. அடிமையளை வச்சிருக்கலாமோ எண்டு வந்த சண்டை. நாங்கள் இஞ்ச ஸ்கோலாவில, பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்."

பூட்டனா! நான் யாருக்கு அழுதேன், யாருக்குக் கஞ்சி ஊற்றினேன்? அதோடு அடிமைகள். சோளத்தைச் சொன்ன சிஞ்ஞோரா, பன்றியைக்கூடச் சொன்ன சிஞ்ஞோரா, அந்தச் சோளத்தை முறித்த ஆட்களைப் பற்றி வாயே திறந்ததில்லை.

"உங்கட வீட்டிலையும் அடிமையள் இருந்தவையோ?" என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அந்தக் கடையில இவள் சாமான் வாங்கிறவளோ எண்டு கேள்," என்றேன் மகளிடம்.

"இல்லையாம் அம்மா. காரை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவினமாம்."

"ஏனாம்?"

பெட்டை கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்தபடி தோளைக் குலுக்கினாள். மகள் மெதுவாகச் சொன்னாள்: "ஏனெண்டு சரியாத் தெரியாதாம். போறேல்லையாம், அவ்வளவுதான்."

சோளம் போய்விட்டது, பொடியன்கள் போய்விட்டார்கள், காரணமே போய்விட்டது. போகாமல் இருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னும் எத்தனையோ தலைமுறை கழித்து என் வம்சத்தில் ஒருத்தி இந்தப் பலேர்மோவில் நின்று இதே மாதிரித் தோளைக் குலுக்குவாள் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

வாளியில் பாதிக் கஞ்சி மிச்சம் இருந்தது. "வா," என்றேன் மகளிடம்.

"எங்கை?"

"பிரான்காச்சோ பஸ்ஸுக்கு."

பஸ்ஸில் அவள் என்னைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக வந்தாள். கதவைத் திறந்தது பொடியனின் தாய். என்னைக் கண்டதும் கை கதவிலேயே நின்றுவிட்டது. "கஞ்சி கொண்டுவந்தனான்," என்றேன், சண்டைக்கு வந்தவள் மாதிரிச் சத்தமாக.

அவள் வழிவிட்டாள். உள்ளே அடுப்பிலும் கஞ்சிதான் இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு மெழுகுதிரி, இரண்டு கோப்பை.

"எங்கட சட்டியில ஆர் குடிக்கப் போகினம் அக்கா," என்றாள். "எண்டாலும் வருசா வருசம் காய்ச்சிறனான். ஒண்டு என்ர மச்சானுக்கு, இவற்ற தமையனுக்கு. அவரும் கடைசிச் சண்டையில போயிட்டார்."

"மற்றது?"

"சாக்குக்குள்ள இருந்தது அவரோ இல்லையோ, எனக்குத் தெரியாது அக்கா. கேக்கப் பயந்து கேக்கேல்லை. மற்றது உங்கட தம்பிக்கு."

நான் எந்த நாட்டுப் பொடியன்களுக்கோ ஊற்றிக்கொண்டிருந்த காலமெல்லாம் இவள் இந்த அறையில் என் தம்பிக்கு ஊற்றியிருக்கிறாள். வாளியைக் கீழே வைத்தேன்.

"அந்தச் சட்டியில எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கோ, சம்மந்தி," என்றேன்.