தகரச் சறுக்கும் தீபாவளி எண்ணெயும்

தகரத்தின்மேல் சரளைக்கல் உருண்டு ஓடுகிற சத்தத்தை இன்றைக்கும் என் கடைவாய்ப் பல்லில்தான் கேட்கிறேன். அந்தப் பல்லில் பாதி, ஒரு தீபாவளிக் காலையில் எங்கள் ஊர் ஓடைக்கரையில் அப்பாவின் முழங்கை பட்டு உடைந்துபோனது.

மழை பெய்தால் மட்டும் உயிர் வந்து, வந்த வேகத்தில் கரையையும் புங்கமரத்தையும் பெயர்த்துக்கொண்டு போகிற ஓடை அது. பாலக்கோட்டுக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டரை ஓட்டிய அப்பா, வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஆற்றில் தங்கம் அரிக்கும் வீடியோவை செல்போனில் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதையே ஒரு பைத்தியமாகப் பிடித்துக்கொண்டார். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், படத்தின் கீழே ஓடிய இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்து, பாதி புரிந்து, மீதியை நானாக ஊகித்துச் சொன்னேன். பழைய கூரைத்தகரத்தை வாய்க்கால்போல மடக்கி, உள்ளே கோணிச்சாக்கை விரித்து, அதன்மேல் உடைந்த தக்காளிப் பெட்டியின் மரச்சட்டங்களைக் குறுக்கே அடித்தோம். எங்கள் வீட்டில் அதற்கு "சறுக்கு" என்று பெயர். ஓடைத் தண்ணீரை அதில் திருப்பிவிட்டு மண்ணை அள்ளிப் போட்டால், கல்லும் மணலும் அடித்துக்கொண்டு போய்விட, கனமான பொன்துகள் மட்டும் சட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கிச் சாக்கில் படியும்.

அம்மாவின் தம்பி கோபால் மாமா, தக்காளி மண்டியில் கூடை தூக்கிக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு சட்டம் உண்டு. மண் வெட்டியவர் சாக்கை அலசக் கூடாது. அலசுகிறவர், நகக்கண்ணில் துகள் ஒளியாதபடி, நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும்.

"நகத்தக் காட்றா" என்பார் அப்பா.

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம் பாக்கறயே மாமா" என்று கையை நீட்டுவார் அவர்.

கிடைத்த துகள்கள் ஒரு சின்ன ஊசிமருந்து பாட்டிலில் சேர்ந்தன. தங்கச்சி செல்விக்கு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, எங்கள் ஓடைத் தங்கத்திலேயே கடுகளவு தோடு போட வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். அதற்காகவே அவள் காதுகுத்து தள்ளித் தள்ளிப் போனது.

அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் ஓடை வெறிபிடித்து ஓடியிருந்தது. விடிந்ததும் அப்பா குளிக்காமலே மண் வெட்டப் போய்விட்டார். பின்னாலேயே நானும் மாமாவும் போனோம். அம்மா மாமாவின் தலையில் நல்லெண்ணெயைச் சொத்தென்று வைத்துத் தேய்த்திருக்க, சீயக்காய்க்கு நிற்காமல், "ஓடையிலயே முழுகிக்கறன் விடுக்கா" என்று ஓடிவந்தவர் அவர். நெற்றியில் எண்ணெய் வழிய, வழிய வழியக் கையால் துடைத்துக்கொண்டார்.

முதல் சட்டத்துக்குப் பின்னால் சாக்கில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. இதுவரை அப்படி நாங்கள் பார்த்ததே இல்லை. "ரெண்டு தோடும் வந்துடுச்சிடா" என்றார் அப்பா. மாமா சாக்கைப் பிளாஸ்டிக் பேசினில் அலசி, கலங்கல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைக்குழியில் சாய்த்தார். கடைசியில் பேசின் அடியில் கறுப்பு மணல் மட்டும் கிடந்தது.

"எங்கடா?"

"நீயும்தான பாத்துக்கினு நின்ன?"

"வாயத் தொற."

மாமா சிரித்தார். அப்பா அவர் கழுத்தைப் பிடித்துப் பேசினுக்குள் முகத்தை அழுத்தினார், தூக்கி வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினார், தக்காளிப் பெட்டிச் சட்டத்தை உருவி வலதுகையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வலியில் அந்தக் கை மூடிக்கொண்டது.

"கைய விரிடா."

"விரிக்க வரல மாமா."

மூடிய கைக்குள் இருக்கிறது என்றே அப்பா நம்பினார். கையைப் பாறையில் வைத்து மிதித்தார். சுற்றிலும் ஊர் முழுக்க வெடிச்சத்தம். ஆனாலும் விரல் முறிந்தது எனக்குத் தனியாகக் கேட்டது. நான் அப்பாவின் முதுகில் தொற்றிக் கத்த, அவர் முழங்கையால் உதற, பல் தெறித்து, பாறைக்குழியின் மேலேயே முகம் குப்புற விழுந்தேன்.

குழித் தண்ணீரில் எண்ணெய் படர்ந்திருந்தது. அதன்மேல், மாவு சலித்ததுபோல, மஞ்சள் பொடி மிதந்துகொண்டிருந்தது. மூழ்க வேண்டிய தங்கத்தை மாமாவின் கையில் இருந்த தீபாவளி எண்ணெய் மேலே தூக்கிவிட்டிருந்தது.

"அப்பா, மேல மிதக்குது" என்றேன் வாய் நிறைய இரத்தத்தோடு.

அப்பா மண்டியிட்டு அள்ளப் பார்த்தார். என் வாயிலிருந்து சொட்டிய இரத்தத்தில் அந்த ஏடு கலைந்து, குழியின் விளிம்பு வழியாக ஓடைக்குள் போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மா, தம்பியின் கையைப் பார்த்தார். அப்பாவின் மடியிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி வெள்ளத்தில் வீசினார். அதே சட்டத்தை எடுத்து அப்பாவின் முகத்தில் இழுத்தார். அப்பா தடுக்கவில்லை.

"எங்கூடப் பொறந்தவன் கைய ஒடச்சி எம்மவளுக்குத் தோடா?"

மாமா அன்றைக்கே ஈரவேட்டியோடு காரிமங்கலம் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். "தாய்மாமன் மடியில்லாம அவ காதுல ஊசி படாது" என்று அம்மா சொன்னது சொன்னதுதான். செல்வி வெறுங்காதோடு காலேஜ் வரைக்கும் வந்துவிட்டாள்.

போன ஆவணியில் நானே போய் அழைத்தேன். சந்தையில் இடதுகையால் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்த மாமா, வலதுகையின் மடங்காத இரண்டு விரல்களைப் பார்த்தபடி கேட்டார்: "உங்கப்பன் இப்பல்லாம் நகம் வெட்டிக்கறானா?" அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன்.

காதுகுத்துக்கு மாமா வந்தார். மடியில் உட்காரும் வயதைத் தாண்டிவிட்ட செல்வி, தலையை மட்டும் அவர் மடியில் சாய்த்துக்கொள்ள, கடையில் வாங்கிய தோட்டுக்காக ஆசாரி ஊசி ஏற்றினார். ஓடையில் இப்போது அரிப்பதற்கு மணலே கிடையாது. லாரிகள் வழித்துக்கொண்டு போனதில் பாறை எலும்பாகத் தெரிகிறது. சறுக்கின் தகரம் ஆட்டுப்பட்டிக்குக் கூரையாகிவிட்டது. அதன் கீழேதான் அப்பா நின்றிருந்தார். மாமா தாண்டிப் போகையில், அப்பா இரண்டு கைகளையும் விரித்து நீட்டினார். எல்லா நகங்களும் சதையோடு ஒட்ட, சில இடங்களில் இரத்தம் கசிகிற அளவுக்கு வெட்டப்பட்டிருந்தன.

மாமா நின்று பார்த்தார். பிறகு, தண்ணீர்கூடக் குடிக்காமல், பஸ்ஸுக்கு நடந்தார்.