சுவரைப் பார்த்து உட்காருங்கள்

என் அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் நாங்கள் வைத்த பெயர் சிசிடிவி. நான் மட்டும் அங்கேயும் மாமா என்றுதான் கூப்பிடுவேன், அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே. தன் நிழல் எதற்காகத் தன் பின்னால் வருகிறது என்று யோசிக்கிற ஆள் அவர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலாவது முறை என்னை இழுக்கச் சொல்வார். நான் ஒழுங்காக இழுத்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடியும் அவரே இழுப்பார்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறை, நாலு மேசை, முதலாளியம்மாவுக்கு ஒரு சின்ன உள்ளறை, அதுதான் எங்கள் அலுவலகம். இணையத்தில் பொருள் விற்கும் கடைகளுக்கு வேலை செய்கிறோம். யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள், எதை வாங்கினார்கள் என்ற விவரம் முதலில் எங்கள் சர்வருக்கு வரும். அங்கிருந்து கடைக்காரரின் கிளவுட் கணக்கில் இருக்கும் பட்டியலுக்குப் போகும். சர்வர் அந்தப் பட்டியலைத் தொட வேண்டுமானால் அதற்கென்று ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் வேண்டும். அது மனிதருக்கான கணக்கு இல்லை, இயந்திரத்துக்கானது. கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு சாவிக் கோப்பு. அது யார் கையில் இருந்தாலும், வந்திருப்பது சர்வர்தான் என்று கிளவுட் கேள்வி கேட்காமல் நம்பிவிடும். மாமாவின் சந்தேகத்துக்கு இது போதாதா?

சாவி உருவாக்கும் நாளில், "எல்லாரும் சுவரப் பாத்துத் திரும்பி உக்காருங்க" என்பார். நாற்காலியைத் திருப்பிக்கொள்வோம். கோப்பை இறக்கி, சர்வரில் ஏற்றி, தன் கணினியிலிருந்து அழித்துவிட்டு, "ம்" என்பார். அதற்கப்புறம்தான் திரும்பலாம். சிரிப்பாக இருக்கும். ஆனால் முந்தைய கம்பெனியில் எவனோ ஒருவன் சாவியை ஊரே பார்க்கும் இடத்தில் போட்டு வைக்க, பழி இவர் தலையில் விழுந்தது. விசாரணை கூட இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். அதனால் வாயால் கிண்டல் செய்தாலும் நாற்காலியை நான் திருப்பிவிடுவேன்.

செருப்புக் கடை ஒன்றுக்கு இப்படி எல்லாம் இணைத்துக் கொடுத்த மூன்றாவது வாரம், பட்டியலை யார், எப்போது தொட்டார்கள் என்ற பதிவுகளைப் பார்த்துக்கொண்டே மாமா எழுந்து நின்றுவிட்டார். தினமும் பத்தரைக்கும் பத்தேமுக்காலுக்கும் நடுவில், எங்கள் சர்வர் இல்லாத வேறு எதுவோ, எங்கள் சர்வீஸ் அக்கவுண்டின் பெயரில் வாங்கினவர்களின் பட்டியலைப் படித்திருக்கிறது. இதே ஊரில் ஏதோ ஒரு வீட்டு இணைப்பிலிருந்து.

"வெளியாள் இல்ல. உள்ளேருந்துதான் போயிருக்கு" என்றார். அவர் கண் ஜன்னலோர நாற்காலிக்குப் போனது. அது காலியாக இருந்தது.

அது பொறுமையின் இடம். சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாமா ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டாலும் ஐந்து முறையும் பதில் சொல்வதால் அந்தப் பெயர். பக்கவாதம் வந்த அப்பாவைப் பயிற்சிக்குக் கொண்டுவிட்டு வருவதால், அனுமதி வாங்கிக்கொண்டு, அந்த மாதம் முழுக்கப் பத்தேமுக்காலுக்குத்தான் வந்தாள். வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்துவிட்டது.

வியாழக்கிழமை அப்பாவுக்குப் பயிற்சி இல்லாததால் அவள் ஒன்பதுக்கே வந்துவிட்டாள். அன்றும் பத்தரைக்கு மேல் பட்டியல் படிக்கப்பட்டிருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க மாமா?" என்றேன்.

"கையில போன் இருக்குல்ல? அதுலேருந்தே வீட்டு கம்ப்யூட்டர ஓட்டலாமே."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அவள் கை கழுவப் போனபோது மேசை மேல் இருந்த அவள் போனை நானும் ஒரு தரம் உற்றுப் பார்த்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

சாவியை மாற்றினால் அன்றைக்கே வழி அடைபட்டிருக்கும். நான் சொல்லியும் மாமா கேட்கவில்லை. "மாத்தினா உஷாராயிடுவா. கையும் களவுமா பிடிக்கணும்." முதலாளியம்மா வெள்ளிக்கிழமை மத்தியானம்வரை அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஆளைக் காட்ட வேண்டும், அந்த ஆளுக்கு அத்தோடு வேலை போய்விடும். மாமா ஒரு தாளில் பொறுமையின் பெயரை எழுதி, கீழே அவள் தாமதமாக வந்த தேதிகளை வரிசையாக எழுதினார். அப்பாவும் மகளும் அந்த ஒரு சம்பளத்தில்தான் இருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை மனசு கேட்காமல் நானே பதிவைத் திறந்தேன். எந்தச் சாவியால் நுழைந்தார்கள் என்று அதிலேயே ஓர் எண் இருக்கிறது. சர்வரில் இருக்கும் சாவியின் எண்ணோடு அது பொருந்தவில்லை. சாவிகளின் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு இருந்தன. இரண்டையும் உருவாக்கியது மாமா, அடுத்தடுத்த நாட்களில்.

"மாமா, இன்னொன்னு எதுக்கு?"

முகம் வெளுத்துவிட்டது. "மொத நாள் வீட்ல ஒத்திகை பாத்தேன். பழைய லேப்டாப்ல. இங்க பண்ணா யாராவது பாத்துடுவாங்கன்னு..."

அக்காவுக்குப் போன் போட்டேன். "பழைய லேப்டாப்ப யாராவது தொறக்கறாங்களா?"

"நாந்தான். சமையல முடிச்சுட்டுத் தையல் வீடியோ பாப்பேன். ஏன்டி?"

"இப்பத் தொற."

திறந்தாள். லேப்டாப் விழித்ததும், மாமா ஒத்திகைக்காக அந்தச் சாவியோடு அதில் போட்டு வைத்து மறந்த நிரலும் தானாக விழித்து, பட்டியலைப் படித்தது. எங்கள் திரையில் புது வரி ஒன்று வந்து விழுந்தது. மாமா உட்கார்ந்துவிட்டார். பிறகு, வேலை போகலாம் என்று தெரிந்தே, எழுந்து உள்ளறைக்குப் போய் முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அதற்காக மட்டும் அவரைப் பாராட்டுகிறேன். முதலாளியம்மா முடிவைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்தார்.

பத்தேமுக்காலுக்குப் பொறுமை நனைந்த குடையோடு வந்தாள். மாமா நின்றபடியே நடந்ததைச் சொன்னார். "தப்பு என்னோடதும்மா."

அவள் கண் மேசை மேலிருந்த தாளில் நின்றது. மறைக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றாள். அவ்வளவுதான்.

மாமா இரண்டு சாவிகளையும் ரத்து செய்தார். சர்வருக்குப் புதிதாக ஒன்று வேண்டும். "நீ பக்கத்துல வந்து உக்காந்து பாரும்மா. இனிமே யாரும் திரும்ப வேணாம்" என்றார்.

பொறுமை பையை வைத்தாள். நாற்காலியை எப்போதும்போலச் சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தாள்.

"முடிச்சுட்டு 'ம்' சொல்லுங்க சார்."

வெகுநேரம் அந்த 'ம்' வரவில்லை.